காரணம் என்றொரு கட்டம்

மஞ்சக்குப்பம், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
மாலை ஆறே முக்கால்.
படிவத்தில் பெயர், வயது, கைப்பேசி எண்,
அதற்குக் கீழே ஒரு கட்டம்:
தியானத்துக்கு வரக் காரணம்.
இரண்டு வரி எழுத இடம் விட்டு
கோடு போட்டது நான்தான்.

பாதிப் பேர் "மன அமைதி" என்றே எழுதினார்கள்,
ரேஷன் கடையில் முகவரி சொல்கிற வேகத்தில்.
ஒருவர் "மனைவி அனுப்பினாள்" என்று எழுதினார்.
மூன்று வருடமாக வருகிறார்.
அந்த அம்மாள் அனுப்புவதை எப்போதோ நிறுத்திவிட்டாளாம்.

ஞானப்பூ எழுதவில்லை. "கோவம், போட்டுக்க" என்றாள்.
தேவனாம்பட்டினத்தில் மீன் ஏலம் விடுகிறவள்.
கண் மூடினால் உள்ளே ஏலம் ஓடுகிறதாம்:
முந்நூறு, முந்நூத்தம்பது, யாருப்பா அது நானூறு,
வஞ்சிரம் போய், சங்கரா போய், கவளையும் போய்,
கூடை காலியான பின்னால்
கொஞ்ச நேரம் ஒன்றுமே வருவதில்லையாம்.
"அதானா இது?" என்று கேட்டாள்.
வகுப்பெடுக்கிறவர் சிரித்தார்,
விடை தெரியாத வாத்தியார் சிரிக்கிற மாதிரி.

கிருபாகரனுக்கு போனில் ஒரு கணக்கு இருந்தது.
தவறாமல் இருநூற்றுப் பதிமூன்று நாள்.
எங்களிடம் காட்டுவார், பேரக்குழந்தை படம் போல.
மறுநாள் புயல். இரண்டு நாள் கரண்ட் இல்லை.
மெழுகுவத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாராம்,
கூரையில் மரம் விழுந்த சத்தத்துக்கும் அசையவில்லையாம்.
போன் செத்துக் கிடந்ததால் அது கணக்கில் ஏறவில்லை.
பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க
அவரால் முடியவில்லை.
அதற்குப் பிறகு அவர் பெயருக்கு நேரே
நான் கோடு மட்டும் போடுகிறேன்.

சவரிராஜன் எழுதியது ஒரே வார்த்தை. தூக்கம்.
சிப்காட்டில் மூன்று ஷிஃப்ட்,
முள் நகருகிறதா என்று
எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை.
மூச்சைப் பாருங்கள் என்றார்கள். பார்த்தார்.
எங்களுக்கு வருடக்கணக்கில் வராதது
அவருக்கு முதல் வாரமே வந்தது.
அதில் ஒன்றும் பெருமையில்லை அவருக்கு.

ஒருநாள் மேசைமுன் வந்து நின்றார்.
"மேடம், தூக்கம் வந்துடுச்சு."
நல்லது என்றேன்.
"அப்ப இனிமே நான் எதுக்கு வரணும்?"

அதற்கு நான் கட்டம் போட்டிருக்கவில்லை.
கீழே யாரோ ஆதார் நகல் எடுத்தார்கள்.
வெளிச்சம் படிக்கட்டு வரை வந்து வந்து போனது.

மறுநாளும் வந்தார்.
தன் படிவத்தைக் கேட்டு வாங்கி
தூக்கம் என்பதை அடித்தார்.
வேறெதுவும் எழுதாமல் பேனாவைத் திருப்பித் தந்தார்.

என் படிவமா?
முதல் நாளே பதிவேட்டை நான் கேட்டு வாங்கினேன்.
யாராவது ஒருத்தர் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டாமா என்றேன்.
நல்ல மனசு என்றார்கள்.
கருவூலத்தில் இருபத்தெட்டு வருடம்,
பூட்டு, சீல், மறுபடி பூட்டு.
கேஸை அடைத்தேனா என்று
சில்வர் பீச் வரை போனவள் திரும்பி வந்திருக்கிறேன்.
அடைத்துத்தான் இருந்தது.
எப்போதும் அடைத்துத்தான் இருக்கிறது.

நேற்று காற்று தெற்கிலிருந்து திரும்பியது.
அழுகிய முட்டைக்கோஸும் நகப்பூச்சும் கலந்த அந்த வாடை.
மூக்குகள் சுருங்கின.
ஞானப்பூ கண் திறக்காமலே "த்தூ" என்றாள்.
எந்த ஆலை, எந்தக் குழாய் என்று தெரிந்த முகத்தோடு
சவரிராஜன் அதையும் உள்ளே இழுத்து, வெளியே விட்டார்.

பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன்.
பேனாவை மூடினேன்.
என்னமோ, கண்ணையும்.

ஏழெட்டு மூச்சு போயிருக்கும்.
வாசலில் செருப்பு எத்தனை ஜோடி
என்று ஒரு எண்ணம் வந்தது, போகவில்லை.
திறந்து எண்ணினேன்.
வருகை முப்பது. செருப்பு இருபத்தொன்பது.

மறுபடி எண்ணினேன்.
அப்புறம்தான் மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன்.
முப்பதாவது என் காலிலேயே இருந்தது,
வார் மாட்டியபடி.