ஆறரை அங்குலம்

ஐகிரவுண்டில் எடுத்த ஸ்கேனை
வண்ணார்பேட்டை மாடியில் டாக்டர் ஜமீலா
வெளிச்சத்தில் மாட்டுகிறார்.
கணையத்தின் வாலில், மண்ணீரல் ஓரமாக,
கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கறுப்பு.

தலையில் இருந்தால் குடல், பித்தக்குழாய்
எல்லாம் வெட்டி ஒட்டணுமாம்.
தலைக்கு வந்தது வாலோடு போச்சாக்கும் என்று
சிரிக்கப் பார்த்தேன்.
தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் மூன்று வயிறு வரைகிறார்.
முதல் வயிற்றில் நீளமாக ஒரு கோடு:
கை உள்ளே போகும், விரலே சொல்லும்.
அடுத்ததில் ஐந்து புள்ளி, ஒரு கேமரா, நேர்க்குச்சிகள்.
மணிக்கட்டு மாதிரி நுனி மடங்காது,
இழுத்தால் மட்டும் கொஞ்சம் தெரியும்.
கடைசியிலும் அதே புள்ளிகள். ரோபோ.
டாக்டர் தள்ளி உட்கார்ந்திருப்பார்.
நுனி எந்தப் பக்கமும் திரும்பும், நடுங்காது,
தொடுவது கைக்கு வராது;
கண்ணால்தான் தொடணும்.

நான் நாங்குநேரிப் பக்கம்
போர்வெல்லில் விழுந்த மோட்டார் எடுக்கிறவன்.
ஆறரை அங்குலக் குழி, எழுநூறு அடி.
கேமராவை இறக்கினால் கலங்கல்.
கலங்கலுக்குள் கொக்கியை விட்டு
கயிறு விரலில் 'கடுக்' என்னும்வரை
மூச்சு விடமாட்டேன்.
மூலைக்கரைப்பட்டியில் ஒருதரம் விட்டுவிட்டேன்.
கயிறு அறுந்தது, குழியும் போச்சு.
அந்த வீட்டுக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

"மிச்சம் வைக்காம எடுக்கிறது எது?"
"உங்களுக்கு இருக்கிற அளவுக்கு
மூணும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.
துளைன்னா ரத்தம் கம்மி, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.
ரோபோல பாதியில திறக்கவேண்டி வர்றது குறையுதுங்காங்க,
பணமும் நேரமும் கூட.
சாறு கசியுறது எதுலயும் உண்டு.
அப்புறம் மருந்து ஏத்துறதும்."

நான் பணத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
தங்கபுஷ்பம்தான் கேட்டாள்:
"நீங்க எதுல எத்தன பேருக்குப் பண்ணிருக்கிய?"

பேனா நின்றது.
"குச்சியில நாப்பத்தொண்ணு.
ரோபோல ஆறு."

"அப்பம் குச்சி."

"ரத்தம் வந்தா திறந்திருவேன்.
அதைத் தோல்வின்னு எழுத மாட்டேன்."

இந்த ஒரு வாக்கியம்
மூலைக்கரைப்பட்டியில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இறங்கும்போது போன்.
களக்காட்டிலிருந்து, காற்றோடு ஒரு குரல்:
"அண்ணாச்சி, மோட்டார் நடுவுல சிக்கிட்டு,
பயலுவ இழுக்கட்டுமாங்கானுவ."

"ஒருத்தனும் இழுக்காதிய.
கயித்தை அப்படியே கட்டிப் போடுங்க.
எனக்கு வர ஒரு மாசம் ஆகும்.
அவசரம்னா பணகுடி அந்தோணிசாமியைக் கூப்பிடுங்க,
அவன் நெறைய எடுத்தவன்."

பையை அவள் வாங்கிக்கொண்டாள்.
இன்னும் பதினாறு படி இருந்தது.