செவ்வாய், ஐந்து நாற்பது

சட்டம் போட்டது நான்தான்.
ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டில் போன் கிடையாது.
டிவிக்குக் கீழே இழுப்பறையில்,
ரேஷன் கார்டுக்கும் செத்த பேட்டரிகளுக்கும் நடுவில்
இரண்டையும் படுக்கப் போட்டேன்.

சிப்காட் கேட்டில் தினமும் எட்டு மணி நேரம்
லாக்கரில் பூட்டி வைக்கிறவன் நான்.
அந்த விரதத்தை முடிப்பது வீட்டு சோபாவில்.
யாரோ மீன் வெட்டுகிறார்கள்,
யாரோ வழுக்கி விழுகிறார்கள்,
யாரோ துபாயில் கார் கழுவுகிறார்கள்.
கட்டை விரலுக்கு ஓய்வில்லை.
ஆனாலும் நெல்லிக்குப்பம் அக்காவிடம் நான் சொல்லியிருந்தது:
"சுபாஷினி எப்பப் பாரு போன்லயே இருக்கா."

முதல் ஒரு மணி நேரத்தில்
காலிச் சட்டைப்பையை நாலு தரம் தொட்டேன்.
தொடையில் ஏதோ அதிர்ந்தது.
ஒன்றுமில்லை, தொடைதான்.

எட்டு பத்துக்கு இழுப்பறை கூவியது.
அவளுடையது.
'மாமா. கண் சொட்டு. இடது.'
மாமா என்றால் என் அப்பா.
ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம்.
எந்தக் கண் என்பதை
அந்தத் திரையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பதினொன்றுக்கு: 'கேஸ்.'
ஒன்றரைக்கு: 'அஸ்வந்த் டிக்டேஷன். ல ள ழ.'
நாலுக்கு: 'வெள்ளைச் சட்டை ஊற வை.'
நாலே காலுக்கு: 'ஊற வச்சியா?'
தன்னையே நம்பாமல்
தனக்கே எழுதி வைத்திருக்கிறாள்.

அடுப்படியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தவள்
ஒரு தடவைகூட எழுந்து வரவில்லை.
"சட்டம் உங்களுது. நீங்களே போய் எடுங்க."

ஆறு பதினைந்துக்கு அது கடைசியாகக் கூவியபோது
கடற்கரைக்குச் செருப்பு மாட்டிவிட்டோம்.
'தண்டபாணி. நாளைலேர்ந்து நைட்டு. இட்லி சீக்கிரம்.'

என் பெயர்.
கேஸுக்கும் சட்டைக்கும் பின்னால்
வரிசையில் நான்.

தேவனாம்பட்டினத்தில் அன்று அலை நன்றாக இருந்ததாம்.
நான் பார்க்கவில்லை.
போன் இல்லாமலேயே பார்க்கவில்லை.

ராத்திரி, செம்மண்டலம் நகைக்கடை கொடுத்த காலண்டரைத்
தரையில் விரித்தோம்.
"பிரிச்சிக்கலாம்" என்றேன்,
தானம் கொடுப்பவன் மாதிரி.
"நீ ஞாபகப்படுத்து, நான் செஞ்சிடறேன்."
அவள் பேனாவை மூடினாள்.
"ஞாபகப்படுத்தறதுதாங்க வேலையே."

சுவரில் பல்லி ஒன்று சத்தம் கொடுத்தது.
யார் பக்கம் என்று தெரியவில்லை.

மூன்றை எடுத்துக்கொண்டேன், கறுப்பு மையில்:
கேஸ், அப்பாவின் கண்,
நைட்டு இல்லாத வாரங்களில் செவ்வாய்த் தண்ணீர்.
வேன் காசை அவள் விடவில்லை.
"செபாஸ்டின்கிட்ட உங்களுக்குப் பேரம் வராது."
அஸ்வந்த் இடையில் புகுந்து
பச்சை ஸ்கெட்சால் ஞாயிறுகளில் எழுதினான்:
'வெல்லைச் சட்டை. நான்.'
யாரும் திருத்தவில்லை.

கேஸை முதல் தடவையே மறந்தேன்.
இரண்டு நாள் கரண்ட் அடுப்பு,
இரண்டாம் நாள் கரண்டும் இல்லை.
பரோட்டா வாங்கி வந்தேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை;
சொல்லியிருக்கலாம்.

என் போனில் இப்போது
மீன் வெட்டுகிறவர்களுக்கு நடுவே
திடீரென்று அப்பாவின் கண் வருகிறது.
எரிச்சலாகத்தான் இருக்கிறது.
இப்படித்தான் இருந்திருக்கும் அவளுக்கும்,
எத்தனையோ வருடம், ஒரு மீன்கூட இல்லாமல்.

செவ்வாய். ஐந்து நாற்பது.
என் பக்கம் அடிக்கிறது.
இருபது நிமிடம்தான் விடுவார்கள்.
எழுகிறேன்.
அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறாள்,
கண்ணைத் திறக்காமலே.
"படு. இது என்னுது."
படுக்கிறாள்.

குழாயில் முதலில் காற்று,
அப்புறம் துரு,
அப்புறம்தான் தண்ணீர்.
இரண்டாவது குடத்தோடு உள்ளே வந்தால்
கட்டிலுக்கு வெளியே அவளுடைய ஒரு கால்
தூக்கத்தில்
செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது.