குச்சிக்கு ஒரு குடம்

முழ நீளக் குச்சி.
கூடலூர்ப் பக்கம் ஏதோ ஓடையில் ஒடித்து
ஈரச் சாக்கில் சுற்றி
சீட்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டு வந்தார்
கேஸ் டேங்கர் ஓட்டும் எத்திராஜ்.
"ஆத்துப்பாலைன்றாங்கக்கா. தண்ணியப் பாத்தா வுடாதாம்."

தண்ணிக்கென்ன,
கொருக்குப்பேட்டையில் கால்வாய் நிறைய இருக்கிறது.
மேலே எண்ணெய் வானவில்.
அடியில் என்னவென்று யாரும் கேட்பதில்லை.
தண்டவாளச் சரளைக்கு இந்தப் பக்கம்,
என் பின்சுவருக்கு ஆறடி தள்ளி நட்டேன்.
தலைகீழாக நட்டுவிட்டேனோ என்று
இரண்டு ராத்திரி தூக்கமில்லை.

மூன்று நாளுக்கொரு லாரி, வீட்டுக்கு எட்டுக் குடம்.
ஏழு எனக்கு.
"கால்வாயோரம் நிக்கிறதுக்கு
மெட்ரோ தண்ணி ஊத்துறவ நீ ஒருத்திதான்டி"
என்றாள் ரெஜினா, வரிசையில் எனக்கு முன்னால்.
ஆட்டுக்குப் பயந்து பழைய கொசுவலை கட்டினேன்.
கம்பளிப்பூச்சியைத் துடைப்பக் குச்சியால் தள்ளினேன்.
இலை மேலே பச்சை, அடியில் சாம்பல்;
எண்ணூர்க் காற்றடிக்கும் நாளில்
இரண்டு பக்கமும் ஒரே நிறம்.
துடைப்பேன், எட்டுகிற வரைக்கும்.

மூன்றாம் வருஷம் மார்கழியில்
ஒன்று விடாமல் கொட்டிப்போனது.
"செத்துச்சு," என்றாள்.
நகத்தால் பட்டையைச் சுரண்டினேன்: பச்சை.
பொங்கல் கழிந்து
மொட்டைக் கிளையெல்லாம் மஞ்சள் கதிர்,
அணில் குட்டியின் வால் கனத்தில்.
எங்கிருந்தோ தேனீ வந்தது
எங்கள் சாக்கடைச் சந்துக்கு.

எத்திராஜ் அண்ணாந்து பார்த்தார்.
"இது ஆம்பளக்கா. பொண்ணு தனி மரம்.
அடுத்த ட்ரிப்புல கொண்டாறேன்."
அடுத்த மாதம் அவரைத் தூத்துக்குடி ரூட்டில் போட்டார்கள்.

தூர்வார வந்த ஜேசிபிக்கு
மரம் என்றால் லிஸ்டில் இருக்கிற மரம்.
"இது இல்லையேம்மா," என்றான் தாளைப் புரட்டி,
நியாயமாகத்தான்.
கை ஒருமுறை திரும்பியது.
பாதி மரம் சேற்றில்.

நான் வெளியே வரவில்லை அன்று.
சாயங்காலம் கதவைத் தட்டினாள் ரெஜினா,
ஒரு கையில் வெட்டிய கிளை, இன்னொன்றில் பெயின்ட் டப்பா.
"எந்தப் பக்கம்டி மேல?"
மொட்டு பார்க்கிற பக்கம், என்றேன்.

ஆளுக்கொன்றாய் எடுத்துப்போனார்கள்.
எண்ணினேன்: பதினொன்று.
பதினோரு மாப்பிள்ளைகள்.
பெண் பார்க்க யாரைக் கூடலூர் அனுப்புவது?

நின்ற பாதி
சாய்ந்தபடியே துளிர்த்திருக்கிறது.

நேற்று லாரிக்குக் காத்திருக்கையில்
கோடி வீட்டு அம்சா கேட்டாள்:
"இதன் வேர் தண்ணி தேடி பைப்பையே ஒடைக்குமாமே?"

ஒடைக்கும், என்றேன்.
மொதல்ல பைப்புல தண்ணி வரட்டும்.