இரண்டரை நிமிடத்தில் ஒரு தரம்

ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம்.
இரண்டரையில் ஒரு தரம், மூன்றில் இரு தரம்
நான் மணி அடிக்க வேண்டும்.
மணி என்றால், விஞ்ஞான சேரின் சைக்கிள் மணி.
கழற்றி மேசையில் வைத்தால்
எங்கேயும் போகாமலே வழிவிடச் சொல்லும்.

மல்லாவியில் பங்குனி வெயில்.
மண்டபத்துத் தகரம் இடைக்கிடை முறிகிற சத்தம்.
கரும்பலகையில் யதுர்சிகாவின் சரிந்த எழுத்து:
உலகப் பிரச்சினைகளுள்
நாட்டின் முன்னுரிமைக்குரியது எது?

முதலில் கீர்த்திகன். காலநிலை.
துருவத்துப் பனிப்பாறைகளை உருக்கினான்.
அவன் ஐஸ் கண்டது சந்தையில், மீன்பெட்டிக்குள்.
என்றாலும் நல்லாய் உருக்கினான்.
முன்வரிசைச் சின்னன்கள் காலை மேலே தூக்கிக்கொண்டார்கள்.
"போன மாசம், வெட்டக் கிடந்த நெல்லை
விழுத்தின மழையும் அந்தப் பாறைதான்" என்றபோது
என் மணி அவன் வெள்ளத்தைக் குறுக்கே வெட்டியது.

அடுத்தது டிலானி. கடன்.
"நாடு தவணை பிந்தினால் மாநாடு கூட்டி
மேசையில் பூ வைத்துப் பேசுகினம்.
கிழமைக் கடன் பிந்தினால்
படலையில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்குது.
இரண்டுக்கும் ஒரே சொல்தானே, நடுவர் அவர்களே,
அகராதியில்?"
யன்னலடியில் நின்று கேட்ட
மதியச் சாப்பாடு சமைக்கிற அக்காமாரில் ஒருவர்
அகப்பையோடு உள்ளே போய்விட்டார்.

லதுர்சனுக்குச் செயற்கை நுண்ணறிவு.
"எங்கள் வேலைகளை அது பறித்துவிடும்."
பின்வாங்கிலிருந்து ஒரு குரல்: "எந்த வேலையை?"
மண்டபம் சிரித்தது. லதுர்சனும் சிரித்தான்.
சிரிப்பு அடங்கினபோது
ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை.
அதற்கு எட்டுச் செக்கன் போனது.
கூட்டுவதா கழிப்பதா, விதியில் இல்லை.
கூட்டிக் கொடுத்தேன்.

காலநிலை, கடன்...
உலகத்தின் பிரச்சினைகளில் பாதி
ககரத்தில்தான் தொடங்குகின்றன.
எனக்கோ அந்த எழுத்து வந்தால்
தொண்டை தண்ணிப்பம்பாகிவிடும்:
கயிறு இழுக்க இழுக்க இருமும், பற்றாது.
அதனால்தான் அணியில் எடுக்காமல்
மணியைத் தந்தார்கள்.
என்னுடைய தலைப்பும் ககரம்தான்.
எங்கள் கிணற்றுக்கும் முருங்கைக்கும் நடுவில்
வன இலாகா நட்டுவிட்டுப் போன கல் ஒன்று இருக்கிறது.
அம்மா அதில் துணி காயப்போடுவதில்லை.

கடைசியாகச் சுவஸ்திகா எழும்பினாள்.
கையில் துண்டுக் கடதாசிகூட இல்லை.
"தலைப்பில் ஒரு சொல் எனக்குப் பிடிபடவில்லை.
உலகம் விளங்குது. அது ஃபோனுக்குள் இருக்கு.
பிரச்சினையும் விளங்குது.
நடுவில் நிற்கிற நாடு என்ற அந்தச் சொல்,
அது முன்னுரிமைப் பட்டியல் எழுதுகிற அன்று
எங்கள் இடாப்பையும் கூப்பிடுமா?
நாங்கள் உள்ளேன் என்று சொன்னால்
எந்த மொழியில் கேட்கும்?"

பிறகு பேசவில்லை.
உட்காரவும் இல்லை.

அதிபர் வலயத்து அதிகாரியைப் பார்த்தார்.
அதிகாரி தன் சோடாவைப் பார்த்தார்.
நடுவரின் பேனை புள்ளித்தாளுக்கு மேலே
இறங்க இடம் தேடும் கொக்குப்போல் நின்றது.
இரண்டரை வந்தது. என் விரல் மணியில்.
மூன்று. மூன்று பத்து.
தகரம் ஒருதரம் முறிந்தது.
பேசாத நேரமும் அவளுடைய நேரம்தானே.
மூன்று நாற்பதில் அவளாகவே உட்கார்ந்தாள்.

காலநிலைக்கு முதலிடம்.
கீர்த்திகனுக்கு ஒரு சுவர்க்கடிகாரம், மின்கலம் இல்லாமல்.
சுவஸ்திகாவுக்கு "தலைப்பை விட்டு விலகினார்" என்று
ஐந்து புள்ளி கழித்திருந்தார்கள்.

மாமரத்தடியில் சேர்
சைக்கிளுக்கு மணியைத் திரும்பப் பூட்டினார்.
"ஏன்டா, அந்தப் பிள்ளைக்கு அடிக்கேல்லை?"
"மணி இறுகிப்போச்சு, சேர்."
ஒரு சொல்லும் தடக்காமல் வந்தது, பொய் என்றபடியால்.

அவர் பெருவிரலால்
ஒருதரம் அடித்துப் பார்த்தார்.
நல்லாய்த்தான் அடித்தது.