போளை உருளும் பக்கம்

இது பதினோராவது வீடு.
என் கைப்பைக்குள் இருப்பது
தரகர் மிஹ்லார் நானாவுக்கு இப்போது மனப்பாடம்:
ஒரு அளவுநாடா, ஒரு மணிக்கூடு,
தரையின் சரிவு பார்க்க ஒரு போளை.

வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து
கடலுக்கு இறங்கும் ஒழுங்கை.
நாலாம் மாடி, இரண்டரை அறை.
அந்த அரை அறைக்குள் ஒரு கட்டிலும் நுழையாது;
விலைக்குள் மட்டும் முழுசாய் நிற்கிறது.

கஜவதனன் நேரே பல்கனிக்குப் போனான்.
கடல் தெரியுது என்றான்.
கடலுக்கு எத்தனை இலட்சம் என்றேன்.
கம்பியைத் தொட்டேன், விரலில் செந்தூள்.
நாங்கள் கடலைப் பார்க்கிற நேரமெல்லாம்
கடலும் எங்கள் யன்னல் கொளுக்கிகளைப்
பார்த்துக்கொண்டிருக்கும், பசியோடு.

ரயில் போனது.
நானா வாயை மூடி, அது போய் முடிய
விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தார்.
பழகிவிட்டார் போல.
அல்லது விலை சொல்லும் நேரத்தை
மாத்தறை வண்டிக்குப் பொருத்தி வைத்திருக்கிறார்.

கிருலப்பனையில் பார்த்தது இதைவிட மலிவு.
புதுப் பெயின்ற்றுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில்,
சுவர் நெடுக ஒரு கோடு.
வாய்க்கால் ஒருநாள் உள்ளே வந்து
எவ்வளவு நேரம் இருந்துவிட்டுப் போனதோ.
கொட்டாஞ்சேனை வீட்டுக்கு
உறுதியில் நாலு சகோதரர்கள்,
மூன்று கையெழுத்து.
நாலாமவர் ரொறன்ரோவில் தொலைபேசி எடுப்பதில்லை.
சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றித்
துடைத்த விதத்திலேயே எழும்பிவிட்டோம்.
அந்தக் காகிதத்துக்கு உறுதி என்று பெயர் வைத்தவர்
ஒரு காணியும் வாங்கியிருக்க மாட்டார்.

குசினியில் போளையை வைத்தேன்.
கொஞ்சம் யோசித்தது.
பிறகு உருண்டு சிங்குக்கு அடியில் போய் நின்றது.
"எல்லா வீடும் கொஞ்சம் சரிவுதான், தங்கச்சி."
குழாயைத் திறந்தேன்.
வாளி நிறைய நாலு நிமிஷம் நாற்பது செக்கன்.
அப்போதுதான் எதிர்க்கதவு திறந்தது.

மிஸிஸ் வீரக்கொடி, கையில் வெங்காயக் கத்தி.
நான் சுவர்களைப் பார்த்த அதே பார்வையால்
எங்களைப் பார்த்தார்.
பிள்ளைகள் எத்தனை.
கிரைண்டர் எத்தனை மணிக்குப் போடுவீர்கள்.
கருவாடு பொரிப்பீர்களா.
என் ஓட்டைச் சிங்களத்தில் உள்ளதைச் சொன்னேன்:
பொரிப்போம், ஞாயிற்றுக்கிழமைகளில்.
அவரும் கொஞ்சம் யோசித்தார்.
பிறகு நானா சொல்லாத ஒன்றைச் சொன்னார்:
ஏழரைக்குப் பிறகு மேலே தண்ணீர் ஏறாது,
விடியவே நிரப்பி வையுங்கள்.

லிஃப்டை விட்டுப் பின்படிக்கட்டால் இறங்கினேன்.
எல்லா வீட்டிலும் இப்படித்தான்.
கஜவதனன் ஏன் என்று கேட்பதில்லை.
நான் பிறந்தது அந்த ஆடிக்கு அடுத்த தையில்.
என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு
அம்மா எத்தனை படி இறங்கினா என்று
எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை.

ஐம்பத்திரண்டு படி.
முடிவில் ஒரு இரும்புக் கதவு.
எண்ணிய வாயோடு நிமிர்ந்தேன்.
மேலே கைப்பிடியில் சாய்ந்தபடி மிஸிஸ் வீரக்கொடி.
"அதைப் பூட்டுறதில்லை" என்றார்.
தீப்பிடித்தால், என்று சேர்க்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

இரவு வங்கிக் கணக்குப் பார்த்தோம்.
கடைசித் தவணை கட்டும்போது
எனக்கு அறுபத்திரண்டு.
கஜவதனன் கல்குலேற்றரைக் கவிழ்த்து வைத்தான்.
பையைக் கொட்டினேன்:
அளவுநாடா, மணிக்கூடு, பழைய பஸ் ரிக்கற் இரண்டு.
போளை இல்லை.

காலையில் நானாவுக்கு எடுத்தேன்.
திறப்பு இன்னொருக்கால் வேணும்,
ஒரு சாமானை விட்டிட்டு வந்திட்டன்.
எத்தனை மணிக்கு என்றார்.
ஏழரைக்கு முதல் என்றேன்.