வெள்ளரிக்காய், ஒன்று

தக்காளி கிலோ தொள்ளாயிரம் ரூபிள்.
வெள்ளரிக்காயின் விலை அட்டையை
யாரோ வெட்கப்பட்டுத்
திருப்பி வைத்திருக்கிறார்கள்.

"அநியாயமாக இருக்கிறதே" என்கிறாள் வர்வாரா.
கல்லாவிலிருந்து நியுர்குயானா
ஜன்னலைக் காட்டுகிறாள்.

லாரி நிற்கிறது, இஞ்சின் உறுமிக்கொண்டு.
அணைத்தால் வசந்தம் வரை கிளம்பாது.
உறைந்த லேனா ஆற்றின்மேல் நான்கு நாள்,
ஐத்தால் தூங்கும்போதும் அது டீசல் குடித்தது.
பின்பெட்டியில் ஹீட்டர் நின்ற இரவு
தன் கம்பளியை வெள்ளரிக்குப் போர்த்தினான்.
பாதி பிழைத்தது.
செத்த பாதியின் விலையும்
பிழைத்ததன் தலையில்தான்.
அவன் சுண்டுவிரல் நுனி கறுத்தது மட்டும்
எந்த ரசீதிலும் ஏறவில்லை.

வர்வாரா ஒன்றே ஒன்று எடுக்கிறாள்,
சில்லறையை இரண்டு தடவை எண்ணி.

வெளியே மைனஸ் ஐம்பத்திரண்டு.
பையில் போட்டால் தெருமுனைக்குள் கண்ணாடியாகிவிடும்.
கோட்டைத் திறந்து ஸ்வெட்டரைத் தூக்கி
வயிற்றோடு வைத்துப் பொத்தான் போடுகிறாள்.
சனியனே, என்ன சில்லிப்பு!

வீட்டுக்கு முந்நூறு தப்படி.
ஓடினால் நெஞ்சு எரியும்,
நின்றால் இமை ஒட்டும்.
இந்தத் தூரத்துக்கு
யாரும் வாடகை போடவில்லை.

நறுக்கும்போது
அது இளஞ்சூடாக இருந்தது.