கூடை எடை

சென்னையிலிருந்து வந்த கடிதத்தில்
ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் என்று
எண்ணிலும் எழுத்திலும் போட்டிருந்தார்கள்,
காசோலைக்குப் போடுவதுபோல.
வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

எனக்கு இப்போது முப்பத்தெட்டு.
ஆயிரத்தைச் சொல்லாமல் விட்டால்
வயதென்று நினைத்துக்கொள்வார்கள்.
வயதும் அதுதான்.

கடலூர் முதுநகர், ஐஸ் ஃபேக்டரிக்கு மேல்மாடி.
தரை எந்நேரமும் லேசாக அதிரும்.
மூன்று மேசை, இரண்டு பேர்.
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பினால்
ஜன்னலைச் சாத்துவோம்.
கீழே ஏலக்கூடத்தில் ஆறு தராசுகள்.
அவை சொல்வதைக் கேட்டு ரசீது போடுவது
நான் எழுதிய புரோகிராம்.

போன ஐப்பசியில் ஒரு சங்கதி தட்டுப்பட்டது.
காய்ந்த மூங்கில்கூடை ஒன்றேகால் கிலோ,
அதைத்தான் எப்போதும் கழித்துக்கொண்டிருந்தோம்.
நாலைந்து நடை போய்வந்து ஊறிய கூடை
முந்நூறு கிராம் கூட.
இரண்டு வருடமாக என் கணக்கு
தண்ணீரை மீன் விலைக்கு விற்றிருக்கிறது.

சரிசெய்யப் பதினொரு நாள்.
கூடைக்கு ஒரு எண், நடைக்கு ஒருமுறை
வெறுங்கூடை தராசேற வேண்டும்.
ஏலக்காரர் கத்தினார்.
"இதை யாரும்மா கேட்டா?" என்றார் முதலாளி.
பன்னிரண்டாம் நாள் விடிகாலை
பூங்காவனம் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"என்னடி, குறையுது?"

அந்தக் "குறையுது"வை
எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

இளவழகனிடம் சொன்னேன்.
நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து
சட்டையைத் தனி பக்கெட்டில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தான்.
மனநிறைவு என்ற சொல்லை எடுத்தேன்.
அந்தச் சட்டைக்குப் பக்கத்தில் அது
கல்யாணப் பத்திரிகைத் தமிழ்போல ஒலித்தது.
"எனக்கு வேலையில பிடிச்சது
கேட்டுக்கு வெளியே வர்ற முதல் பத்து நிமிஷம்" என்றான்.
குறையாகச் சொல்லவில்லை. சோப்பு கேட்டான்.
வீட்டுக்கடன் இன்னும் பதினான்கு வருடம்.

இரவு கடிதத்தை மறுபடி படித்தேன்.
தவணை தவறியவர்களின் கைபேசிக்கு
எந்த மணிக்கு, எந்தக் குரலில் நினைவூட்டினால்
பணம் கட்டுவார்கள் என்று கண்டுபிடிக்கும் வேலை.
நல்ல குழு. காப்பி இலவசம்.
ஹாஸ்டலுக்குப் பன்னிரண்டு கழித்தேன்,
வாராவாரம் வந்துபோக நாலு,
மகளின் டியூஷனுக்கு மூன்று.
கழித்தும் நிறையவே மிஞ்சியது.
காய்ந்த கூடையின் எடை அது.
ஊறினபின் எவ்வளவு என்று
கடிதத்தில் இல்லை.

பூங்காவனம் என் வயசு.
ஒன்பதாவதுவரை ஒரே பெஞ்சு.
"மேல உனக்கு எவ்ளோ தர்றாங்க?" என்றாள் வியாழனன்று.
கூச்சமாகிப்போய் ஐம்பது என்றேன்,
பன்னிரண்டு கூட்டி.
"அவ்ளோதானா?"
ஐஸ் கட்டியைக் கட்டையால் தட்டினாள்.
"வஞ்சிரம் ஓடுற மாசம் நான் அதைத் தாண்டிடுவேன்.
தடைக்காலத்துல சைபர். உனக்குத்தான் அது இல்லையே."
அடுத்த கூடைக்கு விலை கேட்கப் போய்விட்டாள்.

வெள்ளி மாலை ஐந்தரைக்குச் சம்மதம் அனுப்பினேன்.
மேசையைவிட்டு எழக் கொஞ்ச நேரமானது.
கீழே இறங்கி ஒரு கிலோ சங்கரா வாங்கினேன்,
பேரம் பேசாமல்.

என் இடத்துக்கு வரப்போகும் பையன்
யாரென்று இன்னும் தெரியாது.
அவனுக்காக நிரலுக்குள்ளேயே ஒரு குறிப்பு:
மார்கழி வாடையில்
காலித் தராசும் இருபது, முப்பது கிராம் காட்டும்.
பழுதில்லை. காற்று உட்கார்ந்திருக்கிறது.
ஐம்பதுக்குக் கீழே எதையும்
கணக்கில் எடுக்காதே.

எழுதி முடித்தபின்
அந்த ஐம்பதை மட்டும்
குறைக்கலாமா என்று
திரை அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.